ஆர்.ஏ. பயிற்சி: அமெரிக்க விடுதி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் ஆர்.ஏ. (விடுதியில் தங்கி சக மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் மாணவ உதவியாளர்) பொறுப்புக்குத் தேர்வாகி, ஆகஸ்ட் பயிற்சிக்குக் காத்திருக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விடுதி நிர்வாகத்தில் பணிபுரியும் நான் இயன்றவரை விடை தருகிறேன்.

பயிற்சிக்குச் சில நாள் தாமதமாக வரலாமா அக்கா? விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

கூடாது. முழுப் பயிற்சியிலும் கலந்துகொள்வது பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக இருக்கும். இன்றே விடுதி மேலாளருக்கு எழுதுங்கள்.

கதவைத் தட்டும் நடிப்புப் பயிற்சியில் எதைக் கவனிப்பார்கள்?

பழைய ஆர்.ஏ.க்கள் மூடிய அறைக்குள் மது விருந்தையோ, அறைத்தோழர் சண்டையையோ, மனமுடைந்த ஒருவரையோ நடித்துக் காட்டுவார்கள். நீங்கள் தட்டி, பெயரையும் பொறுப்பையும் சொல்லி, கதவு திறக்கும்வரை காத்திருந்து, வாசலில் நின்றபடியே நிதானமாகப் பேச வேண்டும். யாருடைய பையையும் கிளறக் கூடாது. மனமுடைந்தவரிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பிறகு அவரைத் தனியே விடாமல், அன்றிரவு பொறுப்பிலிருக்கும் அலுவலரை அழையுங்கள். 2022 ஜூலை முதல் நாடெங்கும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணும் இருக்கிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நம்பிச் சொன்னதை மேலிடத்தில் சொல்வது காட்டிக்கொடுப்பது அல்லவா?

அல்ல. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டத்தையொட்டிப் பல பல்கலைக்கழகங்கள், பாலியல் வன்முறை பற்றி அறிந்தால் தெரிவிக்கும் கடமையை ஆர்.ஏ.க்களுக்கும் விதித்திருக்கின்றன. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளுக்கு யாரோ முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அவருடைய பெற்றோர் போராடியதன் விளைவாக 1990இல் வந்த சட்டம், வளாகக் குற்றங்களை மறைக்காமல் வெளியிடக் கட்டாயப்படுத்துகிறது. இரவுச் சுற்றில் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்க்கச் சொல்வதன் காரணமும் இப்போது புரியும்.

அப்படியென்றால் யாருமே ஆர்.ஏ.யிடம் மனம் திறக்க மாட்டார்களே? முந்தைய பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

உங்கள் மறுப்பு நியாயமானது. ஆனால் தீர்வு மௌனம் காப்பதில் இல்லை, முன்கூட்டியே சொல்வதில் இருக்கிறது. பேச்சு தொடங்கும்போதே, "இதை நான் மேலே தெரிவிக்க வேண்டியிருக்கலாம், ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் மனநல ஆலோசகர் இருக்கிறார், நானே கூட வருகிறேன்" என்று சொல்லிவிட்டால், எவ்வளவு சொல்வது என்ற முடிவு அவர் கையில் இருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதுதான் துரோகம்.

சொன்னவர் என் நெருங்கிய நண்பர் என்றால்?

மேலே சொன்னதேதான்.

"யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டால்?

சத்தியம் செய்யாதீர்கள். இந்தக் கேள்விக்கு இனி விடையளிக்கப் போவதில்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் ஆர்.ஏ. ஆகலாமா?

ஆகலாம். ஆனால் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேரமே வரம்பு. அறையும் உணவும் மட்டுமே ஊதியமாக இருந்தாலும், எத்தனை மணி நேரமாகக் கணக்கிடுவார்கள் என்பதை வேறு வேலையில் சேரும்முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.