ஏத்தத்தில் மூன்றாம் கியர் நிற்குமா? பழைய கார்களின் டிஃப் பற்றிக் கேள்வி பதில்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குப் பழைய கார்கள் ஏறி வரத் தொடங்கினால் எனக்குக் கேள்விகளும் ஏறி வரும். ஹட்டனில் முப்பது வருஷமாகக் கராஜ் நடத்துகிறவன் என்பதால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கேட்பார்கள். இந்த முறை பாதிக்கு மேல் டிஃப் பற்றித்தான். டிஃப் (டிஃபரன்ஷியல்) என்றால் கியர் பெட்டியிலிருந்து வரும் சுற்றைக் குறைத்துச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டம். சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற, பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பதுதான் 3.73, 4.22 போன்ற டிஃப் எண். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கொட்டகலையிலிருந்து: அண்ணா, என்னுடையது 1098 சிசி மொரிஸ் மைனர். கொழும்புக்கு ஓடும்போது எஞ்சின் அலறுகிறது. வூல்ஸ்லி 1500இல் கழற்றிய 3.73 டிஃப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போடலாமா?

பொருந்துமா என்றால், வெட்டாமல் ஒட்டாமல் பொருந்தும் தம்பி. போடலாமா என்பது வேறு கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. டயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, காரை ஒரு முழுச் சுற்றுத் தள்ளி, தரையில் எவ்வளவு தூரம் போனது என்று அளந்து பாருங்கள். மைனருக்கு 1.78 மீற்றர் வருகிறது என்று வைப்போம். அதை 60ஆல் பெருக்கி டிஃப் எண்ணால் வகுத்தால், டொப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றும்போது கார் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் போகும் என்று வரும். உங்கள் காரில் இப்போது இருக்கும் 4.22க்கு 25.3. 3.73க்கு 28.6. மணிக்கு 70இல் போனால் 2770 சுற்று 2450 ஆகக் குறையும். அவிசாவளை தாண்டிய சமதரையில் காதுக்கு நல்ல சுகம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் டிஃப் டொப் கியரை மட்டும் மாற்றுவதில்லை, நாலு கியரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. மைனரின் மூன்றாம் கியர் 1.412, அதாவது எஞ்சின் 1.412 சுற்றுக்குப் பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும். அதை 4.22ஆல் பெருக்கினால் 5.96. 3.73 என்றால் 5.27தான். இந்த எண் பெரிதானால் இழுவை கூடும். நாலு பேரும் பையும் ஏறினால் கார் 1100 கிலோவுக்குப் பக்கம் வரும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏத்தத்தில் அந்த 5.96 இழுத்துப்பிடிக்கும், 5.27 விட்டுவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் போய்விடும்.

நானும் 3.73 போட்டவன்தான். புசல்லாவை வரை ராஜா மாதிரி வந்தேன். ரம்பொடை நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் மூன்றாம் கியர் செத்தது. இரண்டுக்கு இறக்கினேன். அப்புறம் நுவரெலியா வரைக்கும் இரண்டுதான். கணக்கைப் பாருங்கள்: 4.22இல் மூன்றாம் கியரில் மணிக்கு 40 போனால் எஞ்சின் 2230 சுற்று. 3.73இல் அதே 40ஐ இரண்டாம் கியரில் போனால் 3000. சத்தம் குறையட்டும் என்று போட்ட டிஃப், ஏத்தத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டது. பின்சீட்டில் இருந்த மாமியார், "பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்" என்றார். அடுத்த கிழமையே பழைய டிஃப் திரும்பவும் ஏறிவிட்டது.

கொட்டகலையில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை கொழும்பு போகிறவருக்கு 3.73 வேண்டாம். கொழும்பில் இருந்துகொண்டு வருஷம் ஒருமுறை மலைக்கு வருகிறவர் தாராளமாகப் போடட்டும்.

நோர்வூட்டிலிருந்து: அப்படியானால் சத்தத்துக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. டிஃப்பைத் தொடாமல் ஐந்து கியர் பெட்டி போடுங்கள். டொயோட்டா டி50 பெட்டியில் ஐந்தாம் கியர் 0.861. 4.22 டிஃப்போடு அது 1000 சுற்றுக்கு 29.4 கிலோமீற்றர் கொடுக்கும். 3.73ஐ விட நீளம், அதாவது அதே சுற்றுக்குக் கூடத் தூரம் போகும். அதன் மூன்றாம் கியர் 1.384, பழைய 1.412க்குக் கிட்டத்தான். ஏத்தம் கெடாது, சமதரையும் சுகப்படும்.

செலவைச் சும்மா சொல்லிவிட முடியாது. பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடு) இடைத்தட்டு, கிளட்ச் தட்டு, பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம், பெட்டியிலிருந்து டிஃப்புக்குப் போகும் புரொப்பெலர் ஷாஃப்ட்டின் நீளம் எல்லாமே மாறும். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டியவர் பலன்ஸ் பார்க்காமல் கொடுத்தால், 60இல் கார் முழுக்க நடுங்கும். அந்த வேலை தெரிந்த லேத்காரரை முதலில் பிடியுங்கள், பெட்டியை அப்புறம் வாங்கலாம்.

வெலிமடையிலிருந்து: ஐயா, என் மைனர் பலர் கை மாறி வந்தது. உள்ளே எந்த டிஃப் இருக்கிறது என்றே தெரியவில்லை. கழற்றாமல் பார்க்க முடியுமா?

முடியும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கல் வையுங்கள். கல்லில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் கைபிரேக்கை விட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். மற்றப் பின் சக்கரத்தை ஜக் போட்டுத் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்திலும் புரொப்பெலர் ஷாஃப்ட்டிலும் சோக்கட்டிக் கோடு. ஒருவர் சக்கரத்தை 20 தடவை சுற்ற, இன்னொருவர் ஷாஃப்ட்டின் சுற்றை எண்ணவேண்டும். காருக்கு அடியில் போகாமல் பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தால் போதும்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது டிஃப்புக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் பாதிதான் சுற்றும். ஆகவே 20 சுற்றுக்குக் கிடைப்பதைப் பத்தால் வகுங்கள். 37க்குக் கொஞ்சம் மேலே என்றால் 3.73. 42 சொச்சம் என்றால் 4.22. 45க்கும் 46க்கும் நடுவில் என்றால் 948 சிசி மைனரின் 4.55. 53, 54க்கு இடையில் நின்றால் 803 சிசி காலத்து 5.375. பெரிய எஞ்சினோடு இந்தக் கடைசி டிஃப் இருந்தால் மரம் ஏறலாம், பண்டாரவளைக்குப் போக நாளாகும்.

டிஃப்பைத் திறந்தால் கிரவுன் வீலின் பல்லையும், ஷாஃப்ட் பக்கத்துச் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லையுமே எண்ணிவிடலாம். 4.22 என்பது 38க்கு 9, 3.73 என்பது 41க்கு 11. கிரவுன் வீலும் பினியனும் ஜோடி. ஒரு டிஃப்பின் பினியனை இன்னொன்றின் கிரவுன் வீலோடு சேர்த்தால் சில நாளில் ஊளையிடும்.

பண்டாரவளையிலிருந்து: எல்ல, வெல்லவாய பக்கம் இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வருகிறது. டிஃப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக. டிஃப் எண் குறையக் குறைய, இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் பலமும் குறையும். 3.73 போட்டவர் அதில் எட்டில் ஒரு பங்கை இழக்கிறார், அந்தச் சுமை பிரேக் டிரம்மில் வந்து விழுகிறது. ஏறும் கியரிலேயே இறங்குங்கள், அதையும் வளைவுக்கு முன்னாலேயே போடுங்கள். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம்மில் வெடிப்பு விழுந்துவிடும்.

கண்டியிலிருந்து: பீட்டில் 1300. 1500இன் 4.125 நல்லதா?

4.375 இருப்பதே கண்டிக்குப் போதும். பீட்டிலின் நாலாம் கியர் எண் ஏற்கெனவே ஒன்றுக்குக் கீழே, சமதரையில் எஞ்சின் சுற்றை அதுவே குறைத்துவிடும்.

கம்பளையிலிருந்து: மினிக்குப் பின் டிஃப் மாற்ற எவ்வளவு?

மினிக்குப் பின் டிஃப் கிடையாது தம்பி. எல்லாம் முன்னால், எஞ்சினுக்கு அடியில். எஞ்சினைக் கழற்றி வெளியே எடுத்தால்தான் வேலை ஆகும்.

பதுளையிலிருந்து: 4.22 கழற்றி 3.73 போட்டுவிட்டோம். ஸ்பீடோமீற்றர் சரியாகக் காட்டுமா?

காட்டாது. மைனரில் அதன் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருகிறது, டிஃப் மாறியது அதற்குத் தெரியாது. முள் 50 காட்டும்போது நீங்கள் 56க்கு மேல் போகிறீர்கள். பொலிஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

மஸ்கெலியாவிலிருந்து: தோட்டத்து சீரிஸ் லேண்ட்ரோவர். முன்பு இருந்தவர் பின்னால் மட்டும் ரேஞ்ச்ரோவர் டிஃப் போட்டிருக்கிறார். ரோட்டில் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஃபோர்வீல் போட்டால் முக்குகிறது.

முக்காமல் என்ன செய்யும்? முன்னால் 4.7, பின்னால் 3.54. பின் சக்கரம் நாலு சுற்றுச் சுற்றும்போது முன் சக்கரம் மூன்றுதான் சுற்றப் பார்க்கும். நடுவில் டிஃப் இல்லாத வண்டி, அதனால் ஒன்று டயர் தேயவேண்டும், இல்லை ஏதாவது ஒரு ஷாஃப்ட் முறியவேண்டும். தேயிலை மலைச் சரிவில் முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டுக்கும் 3.54 போட்டால் வண்டி மூன்றில் ஒரு பங்கு நீளமாகிவிடும், கொழுந்துச் சாக்கு ஏற்றித் தோட்டப் பாதையில் ஏறாது. பின்னாலும் 4.7ஐயே திரும்பப் போடுங்கள். அதுவரை ஃபோர்வீல் போடும் மஞ்சள் குமிழையும் சிவப்பு நெம்பையும் டிரைவர் தொடாதபடி கம்பியால் கட்டி வையுங்கள்.