ஒரு வயதைக் குறைத்தால் பீல்டு மார்ஷல் ஆகலாமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து பீல்டு மார்ஷல் ஆக வேண்டும் என்பது அவன் கனவு. பயிற்சி மையம் நடத்தும் ஒருவர், "பத்தாம் வகுப்புக்கு முன்பே பள்ளிப் பதிவில் ஒரு வயதைக் குறைத்துவிடுங்கள். ஓய்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும், உச்சப் பதவிக்குப் போக அது உதவும். இருபதாயிரம் ஆகும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால், போனது போகட்டும்.

பீல்டு மார்ஷல் என்பது தரைப்படையின் மிக உயர்ந்த பட்டம். பிரமோஷனில் வருகிற பதவி இல்லை. நம் தரைப்படையில் இதுவரை இரண்டே பேர்: 1973இல் மானெக்‌ஷா, 1986இல் கரியப்பா. விமானப்படையில் அதற்கு இணையான பட்டம் 2002இல் அர்ஜன் சிங்குக்குக் கிடைத்தது. இதற்கு விண்ணப்பப் படிவமோ, சீனியாரிட்டி பட்டியலோ கிடையாது. அரசாங்கமாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

கரியப்பாவின் கதை இன்னும் விசித்திரம். அவர் 1953இல் ஓய்வு பெற்றுவிட்டார். பட்டம் வந்தது 33 வருஷம் கழித்து, எண்பது வயதைத் தாண்டிய பிறகு. ஓய்வு பெற்றவருக்கு எப்படி என்று கேட்பீர்கள். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, ஆயுள் முழுக்கப் பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. ஆகவே ஓய்வு வயதுக் கணக்கெல்லாம் அந்த வாசலில் செல்லாது. கரியப்பாவுக்கு ஒரு வயது கூடியிருந்தால் என்ன, குறைந்திருந்தால் என்ன? உங்கள் ஏஜெண்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆயுள் முழுக்கப் பணி என்றால் ஆயுள் முழுக்கச் சம்பளம்தானே? மானெக்‌ஷாவுக்குச் சேர வேண்டிய நிலுவை ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். காசோலை அவர் கைக்கு வந்தது 2007இல். அடுத்த வருஷம் நீலகிரியில் உள்ள வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அத்தனை வருஷம் அந்த ஃபைல் எந்த மேசையில் தூங்கியதோ! தளபதியாக இருந்து 1971 போரை வென்று கொடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், உங்கள் மகனுக்கு நாளை பிறந்த தேதியில் தகராறு வந்தால் யார் உட்கார்ந்து தீர்ப்பார்கள்?

தகராறு வராது என்று நினைக்காதீர்கள். தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கே வந்தது. அவருடைய பள்ளிச் சான்றிதழில் 1951, என்.டி.ஏ. (பிளஸ் டூ முடித்தவர்கள் அதிகாரிப் பயிற்சிக்குச் சேரும் தேசிய பாதுகாப்பு அகாடமி) விண்ணப்பத்தில் 1950. ராணுவத் தலைமையகத்திலேயே ஒரு பிரிவு ஒரு வருஷத்தையும் இன்னொரு பிரிவு இன்னொன்றையும் வைத்திருந்தன. இரண்டு அறைகளையும் ஒரே நாளில் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை போலும். கடைசியில் தளபதியே உச்ச நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார், மே மாதம் ஓய்வு பெற்றார். அவர் எதையும் குறைக்கச் சொன்னவர் இல்லை. இரண்டு தாளில் இரண்டு தேதி, அவ்வளவுதான் விஷயம்.

ஏஜெண்ட் சொல்வதில் துளி உண்மை உண்டு, அதனால்தான் ஏமாறுகிறோம். கர்னல் 54 வயதிலும், பிரிகேடியர் 56இலும், மேஜர் ஜெனரல் 58இலும், லெப்டினென்ட் ஜெனரல் 60இலும் ஓய்வு பெறுகிறார்கள். தளபதிக்கு 62 வயது அல்லது மூன்று ஆண்டுகள், எது முதலில் வருகிறதோ அது. மேலே போகப் போக ஒரு வருஷம் எடை போடும். ஆனால் அந்த இடத்துக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். கர்னலுக்கு ஒரு படி கீழே இருக்கும் லெப்டினென்ட் கர்னலுக்கு மேலே போகிறவர்களைத் தேர்வுக் குழு சலித்துத்தான் எடுக்கும். அப்புறம், என்.டி.ஏ.வில் சேரவே குறைந்தது பதினாறரை வயது வேண்டும். வயதைக் குறைத்தால் பிளஸ் டூவில் கூடப் படிக்கிற பையன்கள் தேர்வு எழுதும்போது உங்கள் மகன் வீட்டில் உட்கார நேரலாம்.

என்.டி.ஏ. தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. ஏற்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதியை. பிறகு மாற்றக் கேட்டால் பார்க்க மாட்டார்கள். பொய்த் தேதி தெரிந்தால் தேர்விலிருந்தே விலக்கிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ் ஒரு பக்கம், ஆதார் ஒரு பக்கம் இருக்க, எத்தனை நாள் மறைப்பீர்கள்?

உருப்படியாக ஒன்று செய்யுங்கள். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை (நாமினல் ரோல்) பள்ளி தயாரிக்கும்போது, பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பிறந்த தேதி, பெயரின் எழுத்து, இனிஷியல் மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான்.

என்.டி.ஏ. தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ராணுவத் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் ஆள் வைத்திருப்பதாக அதே மனிதர் அடுத்த வருஷம் வருவார். அங்கே ஐந்து நாள் சோதிப்பார்கள், உள்ளே போய்ப் பரிந்துரைக்க அவரால் முடியாது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.