அடமும் அழிச்சாட்டியமும்

அன்புள்ள ஐயா,

குழந்தைகள் கதை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். பொம்மைக் கடையில் மூன்று வயதுப் பையன் தரையில் விழுந்து புரண்டு கத்துகிறான். ஆங்கிலத்தில் ‘டான்ட்ரம்’. நான் ‘கோபாவேசம்’ என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டுச் சிரிக்கிறார். ‘அடம்னு எழுதேன்’ என்கிறார். அடம் போதுமா?

எம்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.,

அம்மா சிரித்தது நியாயம். கோபாவேசம் துர்வாசருக்கு வரும், மூன்று வயதுப் பையனுக்கு வராது.

ஆனால் அடமும் முழுசாகப் பொருந்தவில்லை. அது வடமொழி ‘ஹட’த்திலிருந்து வந்தது, ஹட யோகத்தில் இருப்பதும் அதே சொல்தான். வலுக்கட்டாயம் என்று பொருள். அனுமனுக்குச் செய்ததுபோல இதற்கும் ஹகரத்தை உதிர்த்துவிட்டோம். கன்னடத்தில் இன்னும் ‘ஹட’. இந்தியில் குழந்தையின் பிடிவாதத்துக்கு ‘பால்ஹட்’ என்றே தனிச்சொல் உண்டு. எல்லாவற்றிலும் விடாப்பிடிதான் முன்னே நிற்கிறது, கோபம் அப்புறம்தான். வினையைப் பாருங்கள்: அடம் ‘பிடிக்கிறோம்’. சத்தமே போடாமல், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் அடம் பிடிக்கலாம். என் பேத்தி அதில் கெட்டிக்காரி.

தரையில் புரள்வதற்கு அழிச்சாட்டியம் வேண்டும். அதைப் ‘பண்ணுகிறோம்’, நாலு பேர் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். பொம்மை கேட்டு முதலில் அடம், அம்மா மறுத்ததும் அழிச்சாட்டியம். ஆனால் இதற்கு வயது வரம்பு கிடையாது. குடித்துவிட்டுத் தெருவில் ஒருவர் பண்ணுவதும், கல்யாண வீட்டில் சம்பந்தி பண்ணுவதும் அழிச்சாட்டியம்தான். குழந்தையைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சொல்லில் கொஞ்சம் செல்லம் ஒட்டிக்கொள்கிறது.

சண்டித்தனத்தைத் தொடாதீர்கள். சண்டி மாடு படுத்துக்கொண்டு எழ மறுக்கும், கத்தாது. யாழ்ப்பாணத்துக் ‘குழப்படி’யும் ஆகாது, அது குறும்பு.

நற்றிணை 110ஆம் பாட்டில், போதனார் எழுதியது, ஒரு சிறுமி தேன் கலந்த பாலைக் குடிக்காமல் பந்தலுக்கு ஓடுகிறாள். நரைத்த செவிலித் தாய்மார் துரத்திக் களைத்துப் போகிறார்கள். ‘ஏவல் மறுக்கும் சிறு விளையாட்டி’ என்கிறது பாட்டு. அவள் குணத்துக்குத் தனியாக ஒரு பெயர் தேடவில்லை, ஓடுவதைக் காட்டிவிட்டது. உங்கள் இடத்தில் நானும் ‘கையைக் காலை உதைத்துக்கொண்டு கத்தினான்’ என்றுதான் எழுதுவேன். ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா புகார் சொல்வாள் அல்லவா, அந்த வரியில் போடுங்கள்: ‘கடையில ஒரே அழிச்சாட்டியம்!’