கூண்டு ஏற்றியவர்கள் இறக்கவும் வேண்டும்

அன்புள்ள ஐயா,

ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை இப்போதுதான் படித்தேன். பண்ணைக்காரன் ஜோன்ஸை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்துகின்றன. தலைமைக்கு வந்த நெப்போலியன் என்ற பன்றி நாய்களை ஏவி மிரட்டுகிறது, அது புரிகிறது. ஆனால் அதற்காகப் பேசுகிற ஸ்குவீலர் என்ற இன்னொரு பன்றி வந்து நாலு வார்த்தை பேசியதும் கண்ணால் பார்த்ததையே மற்ற விலங்குகள் மறந்துவிடுமா? நாய்கள் இருக்கும்போது பேச்சு எதற்கு? கதைக்காக அவற்றை ரொம்பவே முட்டாளாக்கிவிட்டார் என்று பட்டது.

எஸ்., லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

எனக்கு அப்படிப் படவில்லை. பன்றிகள் கட்டிலில் படுக்கத் தொடங்கியதும் க்ளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. அதற்குக் கூட்டி வாசிக்க வராது. விலங்குகள் தமக்கென்று சுவரில் எழுதிவைத்த சட்டத்தை வெள்ளாட்டை விட்டு வாசிக்கச் சொல்கிறது. ‘விரிப்பு போட்ட கட்டிலில் படுக்கக் கூடாது’ என்று இருக்கிறது. விரிப்பு பற்றி முன்பு இருந்ததாக க்ளோவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியென்றால் இருந்திருக்கத்தான் வேண்டும்! எங்கள் பட்டாவில் அப்பா பெயரைத் தப்பாக ஏற்றியிருந்தார்கள். அலுவலக வாசலில் அதைப் படித்தபோது, ஒரு நிமிடம் எனக்கே அப்பா பெயர் மேல் சந்தேகம் வந்தது. நான் எம்.ஏ. படித்தவன்.

தீவனம் குறையும்போது ஸ்குவீலர் ‘குறைப்பு’ என்று சொல்வதே இல்லை, ‘மாற்றியமைப்பு’தான். பஸ் கட்டணம் ஏறும்போது நாமும் கேட்கிற சொல்.

அப்புறம் பயம். நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், ராத்திரியில் அதற்குப் பதில் விளக்கு. ஒன்றாம் எண் என்றால் வலை பின்னுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எண் ஏற ஏறப் படகுகள் மேட்டுக்கு வரும். அதுவும் பயம்தான். ஆனால் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும், எதிரே கடலும் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. அந்தக் கூண்டும் இறங்கத்தான் செய்தது.

‘ஜோன்ஸ் திரும்பி வரணுமா?’ என்று ஸ்குவீலர் ஏற்றுகிற கூண்டுக்கு எண்ணும் கிடையாது, இறக்குகிற நாளும் கிடையாது. ஜோன்ஸ் கிளம்பிவிட்டானா என்று எட்டிப் பார்க்க விலங்குகளுக்கு ஒரு கடற்கரை இல்லை. அவன் எங்கோ குடிகாரர் விடுதியில் செத்துப்போனது கடைசி அத்தியாயத்தில் போகிற போக்கில் வருகிறது.

நாய்கள் போதாதா என்கிறீர்கள். நெப்போலியன் வளர்த்தது ஒன்பது நாய். ஒவ்வொரு தொழுவத்திலும் ராத்திரி முழுக்க உறும அவற்றால் முடியாது. விலங்குகள் தாமாகவே சமாதானமாகித் தூங்கப் போகவேண்டும், அதற்குத்தான் பேச்சு. ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவை மறுபடி பாருங்கள். காற்றாலையை எதிர்த்த நெப்போலியன் இப்போது அதைக் கட்டச் சொல்கிறான். ‘தந்திரம், தோழர்களே, தந்திரம்’ என்று ஸ்குவீலர் துள்ளித் துள்ளி விளக்குகிறான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கூட வந்த மூன்று நாய்கள் உறுமுகின்றன. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.