பக்கம் புரட்டினால் சிக்ஸர்

வாசகர் கேள்வி – பதில்

(சின்ன வயதில் மே மாத வெயிலுக்கு வீட்டுக்குள் என்ன விளையாடினீர்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் தாயமும் பல்லாங்குழியும் வரும் என்று பார்த்தால், கிரிக்கெட்தான் குவிந்து கிடக்கிறது. அதனால் இந்த முறை அதற்கே இடம்.)

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வந்தபோது ஒரு பழைய அட்டைப்பெட்டி கொண்டுவந்து காட்டினார். உள்ளே பேஸ்பால் வீரர்கள் பெயர் போட்ட அட்டைகள், மூன்று பகடை, அவ்வளவுதான். அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் சிறு வயதில் மணிக்கணக்காக ஆடியதாம். இது நம்ம புக் கிரிக்கெட்தானே, இதற்குப் போய் ஒரு பெட்டியா? – வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் மச்சான் காட்டியது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்காக இருக்கும். புக் கிரிக்கெட்டுக்கு சொந்தம்தான், ஆனால் அதில் நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. முதலில் நம்முடையதைப் பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு புத்தகத்தைத் திறப்போம், இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 2, 4, 6 அப்படியே, 0 வந்தால் அவுட், 8 ஊருக்கு ஊர் மாறும், எங்கள் தெருவில் அதற்கு ஒரு ரன். இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்தான் என்பதால் ஐந்தே முடிவுகள், ஐந்துக்கும் ஒரே வாய்ப்பு. ஐந்து பந்துக்கு ஒரு தடவை அவுட், நடுவில் 2, 4, 6, 1 என்று கூட்டினால் ஒரு விக்கெட்டுக்கு சராசரி 13 ரன், பத்து விக்கெட்டுக்கு 130. சுமார் எட்டு ஓவரில் மொத்த டீமும் காலி!

இதில் சச்சின் எங்கே இருக்கிறார்? நோட்டில் எழுதிய பெயரில் மட்டும்தான். அவருக்கும் சராசரி 13, பதினோராவதாக இறங்குகிறவருக்கும் 13. இன்னும் மோசம் ஒன்று சொல்கிறேன். பேட்டிங்கே வராது என்று பெயர் எடுத்த கிளென் மெக்ராத், ஒரு நாள் போட்டிகளில் 3.83 சராசரி வைத்திருந்த மனிதர், அவரே கிட்டத்தட்ட எட்டு பந்து தாக்குப்பிடித்துத்தான் அவுட் ஆனார். நம்ம புக் கிரிக்கெட் சச்சினோ ஐந்தாவது பந்தில் போய்விடுவார். ரன் மட்டும் எக்கச்சக்கமாக வரும், சரி, ஆனால் அது யாருடைய ரன்?

அமெரிக்கப் பையன்கள் இந்த இடத்தில்தான் நம்மைத் தாண்டிவிட்டார்கள். ஹால் ரிச்மன் என்ற நியூயார்க் பக்கத்துப் பையன் பதினோரு வயதிலேயே பகடையை உருட்டி உருட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் 1961ல் விற்க ஆரம்பித்ததுதான் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை, அந்த வருடம் அவர் நிஜத்தில் எப்படி ஆடினாரோ அதற்குத் தகுந்த மாதிரி அதில் முடிவுகள் அச்சிட்டிருக்கும். மூன்று பகடையில் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவர் அட்டை, 4, 5, 6 விழுந்தால் எறிபவர் அட்டை. மற்ற இரண்டையும் கூட்டி அந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறதோ அது நடந்ததாக அர்த்தம். பாதி நேரம் பௌலர் கையில் முடிவு இருக்கிறது, கவனியுங்கள். நம்ம ஆட்டத்தில் பௌலர் என்று ஒரு ஜீவனே கிடையாது, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் பௌலர்.

அதற்குப் பத்து வருடம் முன்பே, 1951ல், ஏபிபிஏ என்று இன்னொன்று வந்துவிட்டது. அதில் இரண்டே பகடை, ஒன்று பெரிய சிவப்பு, ஒன்று சின்ன வெள்ளை. கூட்டக் கூடாது. சிவப்பை முதலிலும் வெள்ளையை அடுத்தும் படித்தால் 11 முதல் 66 வரை 36 முடிவுகள், எல்லாம் சம வாய்ப்பு. நல்ல அடிகாரருக்கு 66 விழுந்தால் பையன்கள் எழுந்து ஆடுவார்களாம். நாம் 6ஆம் நம்பர் பக்கத்துக்கு ஆடியதைப் போலத்தான். அதனால் பெட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு பேஸ்பால் விதியே தெரியாது. தெரியாமல் ஆட முடியுமா? – கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: முடியும். ஒரு அணிக்கு ஒன்பது பேர். மூன்று பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்க வரும், அப்படி ஒன்பது சுற்று. அடித்தவர் நான்கு மூலையும் சுற்றி வீடு திரும்பினால் ஒரு ரன், ஒரே அடியில் அடித்தவரே முழுச் சுற்றும் முடித்து வீடு திரும்பினால் ஹோம் ரன். மிச்சத்தை அட்டையே சொல்லிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன் லீவு விட்டதிலிருந்து போனை விட்டு எழுந்திருப்பதில்லை. கிரிக்கெட் என்றால் உயிர். நீங்கள் சொல்வது மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்து கொடுக்க முடியுமா? செலவில்லாமல் சொல்லுங்கள். – வாசகி, அரூர்

பதில்: தாராளமாக. ஒரு காலண்டர் அட்டை, காம்பஸ், பாகைமானி, ஒரு ஜெம் கிளிப். எல்லாம் அவன் ஜாமெட்ரி பாக்ஸிலும் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

இந்த யோசனையும் அங்கிருந்து வந்ததுதான். ஈதன் ஆலன் என்று அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகில் ஆடி ஓய்வு பெற்ற ஒருவர், 1941ல் ஆல்-ஸ்டார் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம் போட்டார். பகடையே இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்டத் தட்டு, ஓரம் முழுக்கப் பங்கு பிரித்து எண் போட்டிருக்கும், நடுவில் முள்ளைச் சுண்டிவிட வேண்டும். 1 என்றால் ஹோம் ரன். யார் நிறைய ஹோம் ரன் அடித்தாரோ அவர் தட்டில் அந்தப் பங்கு அகலம். எண்ணைப் படிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட யார் பெரிய அடிகாரர் என்று தட்டைப் பார்த்தே தெரிந்துவிடும்.

இப்போது சச்சினுக்கு ஒரு தட்டு போடுவோம். ஒரு நாள் போட்டிகளில் அவர் 18,426 ரன், சராசரி 44.83, நூறு பந்துக்கு 86 ரன் வேகம். கணக்குப் போட்டால் 52 பந்துக்கு ஒரு தடவை அவுட். 360ஐ 52ஆல் வகுத்தால் 7 டிகிரி, இதுதான் அவருடைய அவுட் பங்கு. (புக் கிரிக்கெட்டில் எல்லோருக்கும் இது 72 டிகிரி. மெக்ராத்துக்கே 46தான்.) அவர் அடித்த 2,016 பவுண்டரிக்கு 34 டிகிரி, 195 சிக்ஸருக்கு 3 டிகிரி. மிச்சம் 316ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: ரன் இல்லாத பந்து 180, ஒரு ரன் 119, இரண்டு ரன் 15, மூன்று ரன் 2. இந்தக் கடைசிப் பங்கு என் உத்தேசம், ஆனால் கூட்டிப் பார்த்தால் ரன் வேகம் 86ஐத் தொட்டுவிடுகிறது. ஜெம் கிளிப்பின் ஒரு முனையை நிமிர்த்தி, வளைவுக்குள் பென்சில் நுனியை ஊன்றி, வட்டத்தின் மையத்தில் பிடித்துக்கொண்டு நகத்தால் ஒரு சுண்டு. முள் தயார். அட்டை மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும், சாய்ந்த தரையில் வைத்தால் எல்லோரும் ஒரே பக்கம் அவுட் ஆவார்கள்.

பௌலரும் வேண்டும் என்றால் காசு சுண்டுங்கள். தலை விழுந்தால் பேட்ஸ்மேன் தட்டு, பூ விழுந்தால் பௌலர் தட்டு. கும்ப்ளேவுக்கு ஒரு நாள் போட்டிகளில் 43 பந்துக்கு ஒரு விக்கெட், அதாவது 8 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். மற்ற வீரர்களின் கணக்கை மகனையே தேடச் சொல்லுங்கள். போனில்தான் தேடுவான், பரவாயில்லை. பாகைமானியைத் தூக்கி வைத்து 46 டிகிரி குறிக்கிற நேரத்துக்காவது போன் கீழே இருக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள், தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஸ்கோர் எழுதாத ஆட்டம் அரை மணியில் சலித்துவிடும், எழுத ஆரம்பித்தால் ஜூன் வரை ஓடும். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் பெரியப்பாவின் மாந்தோப்பில் காவல் கொட்டாய் ஒன்று உண்டு. காய் இறங்குகிற மாதம் முழுக்க அங்கேதான் எங்களுக்குக் காவல், அதாவது ஆட்டம். பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், கோடு போட்ட நோட்டில் பேட்ஸ்மேன் பெயர், யார் பந்தில் யார் கேட்ச், எத்தனை பந்து என்று அத்தனையும் எழுதுவார். எழுதிக்கொண்டே ரேடியோவில் வரும் அப்துல் ஜப்பார் குரலில் வர்ணனையும் தருவார். தோப்புக்குக் காய் பேரம் பேச வந்த வியாபாரி ஒருவர் மேட்ச் எங்கே நடக்கிறது, நம்ம டீம் ஜெயிக்குமா என்று அண்ணனிடமே கேட்டார். அண்ணன் துளிகூட அசராமல், மழை வராவிட்டால் ஜெயிச்சுடுவோம்ங்க என்றார்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், புக் கிரிக்கெட்டில் எல்லோரும் திருடியிருக்கிறோம்தானே? – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: எல்லோரும் என்று ஏன் என்னையும் சேர்க்கிறீர்கள்! சரி, வழிகளைச் சொல்கிறேன். 126ஆம் பக்கத்தை முந்தின நாள் ராத்திரி நன்றாக விரித்து, முதுகெலும்பு வரை அழுத்தி, மேலே அம்மிக்கல் குழவியை வைத்துவிட்டால் காலையில் புத்தகம் தானாக அங்கேதான் திறக்கும். கோனார் உரை மாதிரி தடித்த புத்தகம் என்றால் இன்னும் வசதி. அடுத்தது, பூஜ்ஜியத்தில் முடியும் பக்கங்களை ஒரு சோற்றுப் பருக்கையில் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிவிடுவது. ஆறாவது விக்கெட்டே விழாமல் 400 தாண்டும்போதுதான் எதிரணி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்க்கும். அதனால்தான் விவரமானவர்கள் எதிரணி கொண்டுவந்த புத்தகத்தில் ஆடமாட்டார்கள், கொட்டாயில் கிடக்கிற பழைய டெலிபோன் டைரக்டரிதான் பொது மைதானம்.

கேள்வி: வயது நாற்பது தாண்டியும் நான் ராத்திரி தனியாக உட்கார்ந்து டைஸ் கிரிக்கெட் ஆடுகிறேன். மனைவி சிரிக்கிறாள். இது கொஞ்சம் ஓவரோ? – வாசகர், ஓசூர்

பதில்: ஓவர்தான், ஆறு பந்து ஓவர். சிரிக்கட்டும், விடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக் பள்ளி வயதில் தானே ஒரு அட்டை பேஸ்பால் ஆட்டம் உண்டாக்கி, கற்பனை அணி, கற்பனை வீரர், அதற்குச் செய்தி, சம்பளம் என்று எழுதி, பெரியவரான பிறகும் ஆடிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்கள் இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அப்புறம், 1981ல் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டமே தள்ளிப்போனபோது, அது நடக்க வேண்டிய கிளீவ்லாந்து மைதானத்திலேயே ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டையை வைத்து அந்த ஆட்டத்தை ஆடினார்கள். உங்கள் மனைவியை ஒரு தடவை உருட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த அணி என்பதை மட்டும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: பகடை, தட்டு எல்லாம் எதற்கு? எங்கள் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. அதில் கிரிக்கெட் ஆட முடியாதா? – வாசகி, பென்னாகரம்

பதில்: பிரமாதமாக ஆடலாம். ஒரு கட்டையில் கொஞ்சம் சிவப்பு நெயில் பாலிஷ் தடவுங்கள், பாட்டிக்குத் தெரியாமல். சிவப்பை முதலில் படியுங்கள். இரண்டு கட்டைக்கும் நான்கு நான்கு முகம், ஆக 16 முடிவுகள். சச்சினுக்கு என்றால் எட்டு முடிவுக்கு ரன் இல்லை, ஐந்துக்கு ஒரு ரன், ஒன்றுக்கு இரண்டு ரன், இரண்டு கட்டையும் 3 விழுந்தால் பவுண்டரி. பாக்கி இருப்பது பன்னிரண்டு, அதாவது இரண்டும் வெறுமை. அது விழுந்தால் உடனே எதுவும் முடிவாகாது, இன்னொரு உருட்டு. அதில் சிவப்பில் 1 வந்தாலோ மறுபடியும் பன்னிரண்டே விழுந்தாலோ அவுட். வேறு ஏதாவது இரண்டு முடிவைச் சிக்ஸருக்கு ஒதுக்குங்கள், மிச்சம் ஒன்பதும் பவுண்டரி. இப்படி ஆடினால் 51 பந்துக்கு ஒரு தடவை அவுட், கிட்டத்தட்ட அசல் சச்சின். ஒரு பந்துகூடத் தாங்காமல் போனால் யாராவது மறுபடி உருட்டச் சொல்வார்கள். விடாதீர்கள், அவர் ஆடிய முதல் இரண்டு ஒரு நாள் போட்டியிலும் டக் அவுட்தான்.