அடுப்பை அணைத்துவிட்டுப் பிழியுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், எலுமிச்சை சேர்த்து அன்றாடம் செய்யக்கூடிய எளிய சாப்பாடு, தொட்டுக்கொள்ளும் பண்டங்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேருக்கு ஒரே புகார்தான்: கசக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அக்கா, சோற்றில் எலுமிச்சை பிழிந்து கிளறினால் ஒரு நாள் மணக்கிறது, மறுநாள் கசக்கிறது. அதே பழம், அதே அரிசி, அதே கை. எங்கே தப்பு?

பதில்: கைதான் தப்பு என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவசரமில்லாத நாளில் மெதுவாகப் பிழிவீர்கள், அவசர நாளில் கடைசிச் சொட்டு வரை நசுக்கி எடுப்பீர்கள். மஞ்சள் தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பு, விதையும் கசப்பு. நசுக்க நசுக்க இரண்டும் சாற்றில் இறங்கும். இன்னொன்று, காலையிலேயே பிழிந்து வைத்த சாறு தானாகவே கசக்கத் தொடங்கும். பிழியும்போது கசப்பே இல்லாத ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் கிடந்து சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறிவிடுகிறது. அதனால் விதை விழாமல் வடிகட்டிப் பிழியுங்கள், முக்கால்வாசி வந்ததும் விட்டுவிடுங்கள், அப்போதைக்கப்போது பிழியுங்கள்.

நான் செய்வது இப்படி. ஒரு கப் அரிசியை உதிரியாக வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆவி அடங்க விடுவேன். வாணலியில் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், ஒரு பல் பூண்டு, கைப்பிடி வேர்க்கடலையோ முந்திரியோ, எது இருக்கிறதோ அது. நிறம் மாறியதும் அடுப்பை அணைத்துவிட்டு உப்பும் 2 மேஜைக்கரண்டி சாறும் சேர்த்து, அதைச் சோற்றின் மேல் ஊற்றிப் பிரட்டுவேன். சாறு எண்ணெயோடு சேர்ந்து கொதிக்கக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். கொதித்தால் புளிப்பு எங்கேயும் போகாது, ஆனால் வாசனை போய்விடும். வாசனை இல்லாத எலுமிச்சை வெறும் புளிப்புத் தண்ணீர்.

கேள்வி: தோலைத் துருவிப் போடச் சொல்கிறார்கள். சாறு போதாதா, தோல் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுதலாம். ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். தோலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு சீவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சள் பக்கம் வெளியே இருக்கும்படி சட்டென்று மடக்குங்கள். புகைபோல ஒரு தூறல் தெறிப்பது கண்ணுக்கே தெரியும், அடுத்த நொடி அறையே மணக்கும். அந்த எண்ணெய்தான் எலுமிச்சை வாசனை. அது தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் குட்டிப் பைகளில் இருக்கிறது. சாற்றின் புளிப்பு பெரும்பாலும் சிட்ரிக் அமிலத்தால் வருவது. மூக்கைப் பொத்திக்கொண்டு சாற்றை நக்கிப் பார்த்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும்.

ஆக, ஒரே பழத்துக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. உங்கள் சமையலுக்குப் புளிப்பு வேண்டுமா, மணம் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு ஏற்கனவே புளித்த தயிரில் கலக்கப்படுகிறது என்றால் அதற்குச் சாறு எதற்கு? அரைத் தேக்கரண்டி துருவல் போதும். பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி (சில பழங்களில் பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பார்கள்), வெட்டுவதற்கு முன்பே துருவிவிடுங்கள். பாதியாக வெட்டிப் பிழிந்த பிறகு துருவப் போனால் விரல்தான் துருவப்படும். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்புங்கள்.

கேள்வி: பிழியும் முன் உருட்டினால் சாறு கூடுமா?

பதில்: சுலபமாக வரும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழமென்றால் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டுவிட்டு உருட்டுங்கள். ஒரு நடுத்தரப் பழத்தில் 2 முதல் 3 மேஜைக்கரண்டி கிடைக்கும்.

கேள்வி: தனியாகத் தங்கியிருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், வேலை முடிந்து வந்தால் 20 நிமிடத்துக்கு மேல் நிற்கத் தெம்பில்லை. வயிற்றுக்குக் கனமில்லாமல் எலுமிச்சை போட்டு என்ன செய்யலாம்?

பதில்: மூன்று சொல்கிறேன், மாற்றி மாற்றிச் செய்துகொள்ளுங்கள்.

முதலில் பாஸ்தா. 100 கிராமை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் அரை கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை மறப்பவர்கள்தான் "வறவறவென்று இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். வடித்த பாஸ்தாவை அதே பாத்திரத்தில் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மேஜைக்கரண்டி வெண்ணெய், எடுத்து வைத்த தண்ணீர் கொஞ்சம், அரைப் பழத்தின் துருவல், ஒரு மேஜைக்கரண்டி சாறு, நிறைய மிளகு சேர்த்து வேகமாகக் கிளறுங்கள். தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து வெண்ணெயையும் சாற்றையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், பளபளவென்று ஒட்டும். பால் ஊற்றிக் குழைவாக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், பாலும் எலுமிச்சையும் சேர்ந்தால் திரிந்துவிடும்.

இரண்டாவதுக்கு அடுப்பே வேண்டாம். வெந்த கொண்டைக்கடலை ஒரு கப், வெள்ளரி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. வெங்காயத்தை மட்டும் முதலில் சாற்றிலும் உப்பிலும் 10 நிமிடம் போட்டு வையுங்கள், காரம் அடங்கி லேசாக இளஞ்சிவப்பாகும். அப்புறம் மற்றதைக் கலக்கலாம். எண்ணெய் இரண்டு பங்கு, சாறு ஒரு பங்கு என்பது என் கணக்கு. வினிகருக்குச் சொல்லும் மூன்றுக்கு ஒன்று எனக்கு எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிகிறது.

மூன்றாவது முட்டை சூப். இது கொஞ்சம் கவனம் கேட்கும், ஆனால் உடம்பு சரியில்லாத நாளில் இதற்கு ஈடே கிடையாது. 4 கப் காய்கறி வேகவைத்த நீரோ கோழி வேகவைத்த நீரோ எடுத்து, அதில் பழைய சோறு இருந்தால் ஒரு பிடி போட்டுக் கொதிக்கவிட்டு அணைத்துவிடுங்கள். கிண்ணத்தில் 2 முட்டையை ஒரு பழச் சாற்றோடு நுரை வர அடித்து, சூடான சூப்பை ஒரு கரண்டி எடுத்து நூல்போல அந்த முட்டையில் ஊற்றிக்கொண்டே அடியுங்கள். இப்படியே இன்னும் இரண்டு கரண்டி. முட்டை சூட்டுக்குப் பழகிய பிறகுதான் அதைப் பாத்திரத்தில் கொட்ட வேண்டும். நேராகக் கொட்டினால் சூப்பில் முட்டைப் பொரியல் மிதக்கும். மெல்லிய தீயில் கிளறி, கரண்டியின் பின்பக்கம் படிகிற பதம் வந்ததும் இறக்குங்கள். கொதிக்கவே கூடாது.

கேள்வி: பருப்பு சூப்புக்கு எலுமிச்சையை முதலிலேயே சேர்த்தேன். ஒரு மணி நேரமாகியும் பருப்பு வேகவில்லை. பருப்பு பழசா?

பதில்: பருப்பைத் திட்டாதீர்கள். நானும் இதே கூத்தை உருளைக்கிழங்கில் செய்திருக்கிறேன். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று கிழங்கை நறுக்கி, "மணம் உள்ளே இறங்கட்டும்" என்று தண்ணீரிலேயே இரண்டு பழத்தைப் பிழிந்து அடுப்பில் வைத்தேன். 20 நிமிடத்தில் கத்தி இறங்கவில்லை. 40 நிமிடத்தில் வெளியே மெழுகுபோல, உள்ளே கடக்கு மொடக்கு. வந்தவர்கள் நல்லவர்கள், மென்றுகொண்டே பேசினார்கள். காயையும் பருப்பையும் கட்டிப் பிடித்திருப்பது பெக்டின் மாதிரியான பொருட்கள், அவை புளிப்பில் சீக்கிரம் கரையாது. எனவே முழுக்க வெந்த பிறகுதான் புளிப்பு.

இதே குணத்தைச் சாதகமாகவும் வைத்துக்கொள்ளலாம். குழையாமல் துண்டு துண்டாக நிற்க வேண்டிய கிழங்கு சாலட் என்றால், முக்கால் வேக்காட்டில் ஒரு தேக்கரண்டி சாறு விடுங்கள்.

கேள்வி: பீன்ஸ், ப்ரோக்கோலியில் எலுமிச்சை பிழிந்தால் ருசி நன்றாக இருக்கிறது, நிறம் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது, அமிலம் பட்டால் அது கழன்றுவிடும், பச்சை போய் ஆலிவ் நிறம் வந்துவிடும். தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். கொதிக்கும் உப்பு நீரில் பீன்ஸை 4 நிமிடம் போட்டு எடுத்து, எண்ணெயில் பூண்டோடு ஒரு புரட்டு, மேலே தோல் துருவல். சாறு சாப்பிடும் தட்டில்தான், அவரவர் பிழிந்துகொள்ளட்டும். ஊதா முட்டைக்கோஸில் கதையே வேறு, அதற்கு எலுமிச்சை பட்டால் அழகான இளஞ்சிவப்பு வரும், அங்கே தாராளமாக முதலிலேயே பிழியலாம். காலிஃபிளவரும் வெள்ளையாகவே இருக்கும்.

கேள்வி: மீனை இரவு முழுக்க எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன், காலையில் மாவாக உதிர்கிறது. சாற்றில் ஊறினாலே மீன் வெந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: வெந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். அமிலம் மீனின் புரதத்தைச் சுருட்டிவிடுவதால் கண்ணாடிபோல் இருந்த சதை வெள்ளையாகிறது. ஆனால் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் அதில் சாகும் என்று நம்பி அப்படியே சாப்பிடாதீர்கள். அடுப்பில் வைத்தே தீர வேண்டும். மீனுக்கு 15, 20 நிமிடம் ஊறினால் போதும், கோழிக்கு 2 மணி நேரம். மேலே போனால் நார் உடைந்து, நீங்கள் பார்த்த மாவுதான்.

உண்மையில் மீனுக்கு ஊறவே வேண்டாம் என்பது என் கட்சி. உப்பு, மிளகு தடவி, காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு 3 நிமிடம், துண்டு தடிமனாக இருந்தால் இன்னும் கொஞ்சம். இறக்கிய பிறகு வாணலியின் அந்தச் சூட்டிலேயே ஒரு துண்டு வெண்ணெயும் ஒரு மேஜைக்கரண்டி சாறும் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி மேலே ஊற்றுங்கள். மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் புளிப்போடு சேர்ந்தால் காற்றில் எழாது, வாடை அடங்குவது அதனால்தான். கெட்டுப்போன மீனின் வாடையும் குறையும் என்பதை ஞாபகம் வையுங்கள், அதனால் முகர்ந்து பார்ப்பது பிழிவதற்கு முன்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எலுமிச்சை கைகொடுக்குமா?

பதில்: கொடுக்கும். புளிப்பு இருந்தால் கொஞ்ச உப்பே நாக்குக்கு எடுப்பாகத் தெரியும். வழக்கமாகப் போடுவதில் பாதி உப்போடு சமைத்து, பரிமாறும்போது சாறு பிழிந்து ருசி பாருங்கள், பிறகுதான் மேற்கொண்டு உப்பா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். நிறையப் பேர் உப்பு போட்டு முடித்த பிறகு எலுமிச்சை பிழிந்துவிட்டு "கரிக்கிறது" என்கிறார்கள், வரிசைதான் தப்பு. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: தினமும் உணவில் எலுமிச்சை சேர்த்தால் வைட்டமின் சி முழுக்கக் கிடைத்துவிடுமா?

பதில்: ஒரு மேஜைக்கரண்டி சாற்றில் சுமார் 6 மில்லிகிராம்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 45. ஆகவே மற்ற பழம், காய்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதை லேசாகவும் நினைக்க வேண்டாம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் ஆறே நாளில் தேறியது. உங்கள் தட்டில் அதைவிட உபயோகமான வேலை ஒன்று உண்டு: கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர, சாப்பிடும்போது பிழியும் அந்த எலுமிச்சை உதவுகிறது.

கேள்வி: அலுமினியப் பாத்திரத்தில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். இரும்பிலும் வேண்டாம். உலோக வாடை ஏறும், நிறமும் மங்கும். எவர்சில்வரோ பீங்கானோ எடுங்கள்.

கேள்வி: ஒரு பை நிறைய எலுமிச்சை வாங்கிவிட்டேன். மேஜையில் கிடப்பது எல்லாம் ஒரு வாரத்தில் கல்லாகிறது. பாட்டில் சாறு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா?

பதில்: பாட்டிலில் புளிப்பு இருக்கும், தோலின் மணம் இருக்காது. சூப்பில் ஒரு சொட்டு விட ஆகும், பாஸ்தாவுக்கு ஆகாது. பழத்தை ஈரம் துடைத்து, காற்றுப் புகாத பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், 3 முதல் 4 வாரம் வரை நிற்கும். மிச்சத்தை இன்றைக்கே முதலில் துருவி, பிறகு பிழிந்து, பனிக்கட்டித் தட்டில் குழிக்கு ஒரு மேஜைக்கரண்டி என்று ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை துருவல் தூவி உறையவிடுங்கள். உடனே உறைந்துவிடுவதால் கசப்பேறவும் அவகாசமில்லை. களைத்துப்போய் வரும் நாளில் ஒரு கட்டியை எடுத்து, இறக்கி வைத்த பருப்பு சூப்பில் போட்டுக் கிளறினால் போதும்.