ஒரு ஆட்டுக்கு எத்தனை கிலோ தானியம்? வறண்ட நிலம் பற்றிய கேள்வி-பதில்

ஆண்டு மழையளவு குறையவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் பயிர் காய்கிறது?

மழை வரவுதான், செலவையும் பாருங்கள். ஆண்டு மழையை, வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரளவால் வகுத்தால் 0.65-க்குக் கீழே வருவது வறண்ட நிலம். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரம் தாங்கும். அதாவது, உறிஞ்சும் பசி பெருகுகிறது. அதோடு மழை நாலைந்து நாளில் கொட்டித் தீர்த்தால், இறுகிய மேல்மண்ணில் இறங்காமல் ஓடிவிடும்.

பஞ்சத்தை முன்கூட்டியே எப்படிக் கண்டறிவது?

சந்தையில் ஒரே ஒரு கணக்கு எடுங்கள்: ஒரு ஆட்டை விற்ற காசுக்கு எத்தனை கிலோ தானியம் கிடைக்கிறது? வாராவாரம் அதே சந்தை, அதே வயது ஆடு. மேய்ச்சல் தீர்ந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள். மெலிந்த ஆடு விலைபோகாது, தானிய விலையோ ஏறும். கடையில் மூட்டை அடுக்கியிருக்கும், வாங்கத்தான் வழியிருக்காது. சினையாடும் விதைத் தானியமும் சந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த பருவமும் போயிற்று. உதவி அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். சோமாலியாவுக்கு 2010-லேயே எச்சரித்தார்கள். பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலையில். இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்பது மதிப்பீடு. பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்தத் தாமதத்தை மன்னிக்கவே முடியாது.

வறட்சி வந்தால் சண்டையும் வருமா?

தானாக வராது. சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலுள்ள சாஹேல் பகுதியில் புல் சீக்கிரம் தீர்ந்தால், அறுவடை முடியும் முன்பே மந்தைகள் தெற்கே விளைநிலங்களுக்கு இறங்குகின்றன. மந்தைத் தடத்தையும் யாராவது உழுதிருந்தால் மோதல்தான். தடத்துக்கு எல்லைக்கல் நடுங்கள். இறங்கும் தேதியை மேய்ப்பரும் விவசாயியும் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில், மழைநீரைத் தேக்கி விதைக்கும் 'ஜை' குழியை எப்படி வெட்டுவது?

கோடையிலேயே 20–40 செ.மீ. அகலம், 10–20 செ.மீ. ஆழத்தில் வெட்டி, மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல் குவியுங்கள். இரண்டு கை மக்கிய எரு போடுங்கள். மழை விழுந்ததும் விதையுங்கள். பச்சைச் சாணம் நாற்றைக் கருக்கிவிடும். இறுகிய நிலத்துக்குத்தான் இது; மணலில் குழி சரிந்துவிடும்.

இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டராவது. குழாய் 500 மீட்டருக்குள் இருக்கட்டும். தூரம் கூடக்கூட, குடம் சுமக்கும் பெண்களுக்குத்தான் ஆபத்து.